21 நாள் லீவு, ஒரே ஒரு பஸ்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ‘பரோல் விடுதலை இல்லை ஐயா, லீவு’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களால் மேசை இழுப்பறை மூட மாட்டேன் என்கிறது. பாதி, திட்டு. மீதியில் பெரும்பாலும் பெண்கள் கையெழுத்து. கணவனோ மகனோ உள்ளே இருக்கிறவர்கள். இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். பட்டா மாறுதல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். 28 வருடம், எல்லாம் தென்மாவட்டங்களில். சிறையில் இருப்பவர் லீவு கேட்டால் அவர் ஊருக்குப் போய், வீட்டையும் அக்கம்பக்கத்தையும் பார்த்து, விடலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் சேர்த்தி.

கேள்வி: கொலை செய்தவனுக்கு எதற்கு ஐயா பரோல்? ஏழெட்டு வருஷத்தில் ‘நல்ல பிள்ளை’ என்று சொல்லி வெளியே விட்டுவிட்டால் தீர்ப்புக்கு என்ன மரியாதை?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அருப்புக்கோட்டை

நீங்கள் சொல்வது வெள்ளைக்காரர் ஊர்ப் பரோல், ஐயா. இங்கிலாந்தில் பரோல் போர்டு என்று ஒன்று இருக்கிறது. 1967-ல் வந்த சட்டம் அதை உண்டாக்கியது. ஆயுள் கைதி ஒருவர், நீதிபதி குறித்த குறைந்தபட்சக் காலத்தை முடித்த பிறகு, ‘இவரை வெளியே விட்டால் மக்களுக்கு ஆபத்தில்லை’ என்று அந்த போர்டுக்குத் தோன்றினால், மீதியைக் கண்காணிப்பில் வெளியே கழிக்கலாம். அமெரிக்கப் படங்களில் மேசைக்குப் பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து கைதியைக் கேள்வி கேட்கிறார்களே, அதுவும் இந்த ரகம்தான். (அங்கேயும் மத்திய அரசு வழக்குகளில், 1987 நவம்பருக்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குப் பரோலையே எடுத்துவிட்டார்கள்.)

நம் ஊரில் அந்தப் பெயரை எடுத்து வேறு சரக்குக்கு ஒட்டிவிட்டோம். தமிழ்நாட்டில் இதற்கான விதிகளின் பெயர் ‘தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982’. அதில் பரோல் என்று எல்லாரும் சொல்வது இரண்டு வகை விடுப்பு. ஒன்று அவசர விடுப்பு: பெற்றவர்கள், கட்டியவர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் இறந்தாலோ, உயிருக்குப் போராடினாலோ, கல்யாணம் என்றாலோ சில நாட்கள். இன்னொன்று சாதாரண விடுப்பு: 21 நாளிலிருந்து 30 நாள் வரை. போக வேண்டும், சொன்ன தேதியில் திரும்பி வந்து உள்ளே உட்கார வேண்டும். சிறைக்குள் யாரும் இதைப் பரோல் என்று நீட்டி முழக்குவதில்லை. ‘அண்ணன் லீவுல போயிருக்காரு’ என்பார்கள், ஏதோ மில்லில் வேலை பார்க்கிறவர் மாதிரி. ஒரேயடியாக வெளியே விடுவதற்குப் பெயர் முன்விடுதலை. அதைக் கீழே சொல்கிறேன்.

பரோல் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. வாக்கு என்று பொருள். போரில் பிடிபட்டவன் ‘தப்பி ஓட மாட்டேன்’ என்று தன் மானத்தின் மேல் கொடுக்கும் வாக்கு. நம் அலுவலகங்களில் அந்த வாக்கோடு இரண்டு ஜாமீன்தாரரும் ரேஷன் கார்டு நகலும் சேர்த்துக் கேட்போம்.

சரி, கொலை செய்தவனுக்கு எதற்கு? என் கைக்கு வந்த கொலைக் கோப்புகளில் பெரும்பாலானவை வரப்புத் தகராறு, குடி, சாதிச் சண்டை, பங்காளிப் பகை. அந்த ஆட்கள் என்றைக்காவது ஊருக்கு வரத்தான் போகிறார்கள். நடுவில் ஊர் முகமே பார்க்காத ஒருவர் பதினைந்தாவது வருடம் திடீரென்று வந்து இறங்கினால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். மனைவிக்கு அவர் அந்நியர். மகனுக்கு அவர் ஒரு போட்டோ. இடையிடையே வந்து போனவர்களுக்கு அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. இது நான் கண்டது. உங்களுக்கு ஒப்புதல் இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி: ஜாமீனும் பரோலும் ஒன்றா?
— கல்லூரி மாணவி, சிவகாசி

இல்லை. ஜாமீன் நீதிமன்றம் கொடுப்பது. வழக்கு நடக்கும்போதோ மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதோ. பரோல் தண்டனைக் கைதிக்கு அரசு, அதாவது சிறைத்துறை, கொடுப்பது. ஜாமீனுக்கு வக்கீல், பரோலுக்கு மனு.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆயுள் தண்டனையில் மதுரை ஜெயிலில் இருக்கிறார். நாலாவது வருஷம். மூத்த மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், நர்சிங்கில் சேர்க்க வேண்டும். அப்பா வந்து சேர்த்தால்தான் போவேன் என்கிறாள். லீவு கிடைக்குமா? யாரிடம் கேட்க வேண்டும்? எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எழுதித் தருகிறது.
— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

கேட்கலாம் அம்மா. தயங்காமல் கேளுங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பது, சாதாரண விடுப்புக்கு விதியிலேயே எழுதியிருக்கும் காரணம். வீடு கட்டுவது, பழுது பார்ப்பது, விதைப்பு, அறுப்பு, பாகப்பிரிவினைத் தகராறு, குடும்பப் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எழுதியவருக்குக் கிராமம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். முதல் சாதாரண விடுப்புக்கு மூன்று வருடம் முடிந்திருக்க வேண்டும், உங்களவருக்கு முடிந்துவிட்டது. சில குற்றப் பிரிவுகளுக்குச் சாதாரண விடுப்பே கிடையாது. அவர் பிரிவு அதில் வருகிறதா என்று சிறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். மேல்முறையீடு இன்னும் நீதிமன்றத்தில் கிடக்கிறதா? கிடந்தால் சிறைத்துறை ‘நீதிமன்றத்தில் கேள்’ என்று திருப்பிவிடும். தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லி அங்கேதான் மனுப் போட வேண்டும். மேல்முறையீடு முடிந்துவிட்டது என்றால், சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கு அவரே உள்ளிருந்து எழுதலாம், அல்லது நீங்கள் எழுதலாம். அடுத்த தடவை மனு பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். (வெளியூர் வாசகர்களுக்கு: கைதியைப் பார்க்கப் போவதைச் சிறை வாசலில் ‘மனு பார்ப்பது’ என்றுதான் சொல்வார்கள்.) மகளின் மதிப்பெண் பட்டியல் நகல், கல்லூரி விண்ணப்ப நகல், சேர்க்கைத் தேதி போட்ட காகிதம் இவற்றை வையுங்கள். தேதி முக்கியம். ஜூலையில் சேர்க்கை என்றால் ஏப்ரலிலேயே கொடுங்கள். கோப்பு கழுதை நடையில்தான் போகும்.

அந்த மனு இரண்டு பக்கம் பிரியும். ஒன்று உங்கள் மாவட்டப் போலீசுக்கு. இன்னொன்று என்னைப் போன்ற ஒருவருக்கு. இரண்டு அறிக்கையும் போன பிறகு சாதாரண விடுப்பில் முடிவெடுப்பவர் சிறைத்துறை டிஐஜி. அவசர விடுப்பு என்றால் சிறைக் கண்காணிப்பாளரே கொடுக்கலாம்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். பயப்படாதீர்கள். நான் போனால் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். லீவில் வருகிறவர் எங்கே படுப்பார் என்று கேட்பேன். இது அசட்டுக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் ‘இந்தா, இந்தக் கட்டில்ல’ என்று உடனே காட்டும் வீடும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் வீடும் வேறு வேறு. அப்புறம், உங்களுக்கே அவர் வருவதில் சம்மதமா என்று தனியாகக் கேட்பேன். மாமியார் பக்கத்தில் நின்றால் அவரைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிவிட்டுக் கேட்பேன். வேண்டாம் என்று சொன்ன மனைவிகளும் உண்டு. மெதுவாகத்தான் சொன்னார்கள்.

மறுத்துவிட்டால் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். அதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவது 1987-ம் வருடச் சட்டப்படி அவர்கள் கடமை. மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அப்பா வந்தாலும் வராவிட்டாலும் சேர்ந்துவிட வேண்டும்.

கேள்வி: மாதக்கணக்கில் வீட்டுச் சோறு, ஊர் சுற்றல். வரி கட்டுகிற எங்களுக்கே 21 நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடையாது. இது தண்டனையா, சுற்றுலாவா?
— வங்கி ஊழியர், கோவில்பட்டி

ஒரு சுற்றுலாவைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மானாவாரிக் காட்டுக்குள் ஒரு ஊர். ஓட்டு வீடு, நடு உத்திரம் இற்றுவிட்டது. உள்ளே இருந்தவர் கொத்தனார் வேலை தெரிந்தவர். ‘வீடு பழுது பார்க்க’ என்று கேட்டார். நான் போய்ப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தால் வானம். பரிந்துரைத்தேன், 21 நாள் கிடைத்தது. நிபந்தனை: தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து.

நிலையம் ஆறு மைல். அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், ஏழே முக்காலுக்கு. திரும்ப வர ஒரு பஸ், மதியம் இரண்டரைக்கு. போய் உட்கார்ந்து, ஏட்டய்யா வந்து, கையெழுத்துப் போட்டு, அப்புறம் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, வீடு வந்து சேர மூன்றரை ஆகிவிடும். வெயில் இறங்கி வெளிச்சம் இருக்கிற இரண்டு மணி நேரத்தில்தான் கூரை வேலை. ஆறு மணிக்கு மேல் வெளியே சுற்றுவதில்லை என்று அவரே வைத்துக்கொண்டார். சொன்னால் சிரிப்பீர்கள்: சிறையில் லாக்கப் அடைக்கிற நேரம் வந்துவிட்டால் அவருக்குக் கை ஓடவில்லையாம்.

பதினெட்டாம் நாள் நான் போனபோது பாதிக் கூரைக்கு ஓடு போட்டிருந்தது. மீதிப் பாதிக்குத் தார்ப்பாய். ‘சார், கையெழுத்தை வாரத்துக்கு ரெண்டு நாள்னு மாத்திக் குடுத்திருந்தா முடிச்சிருப்பேன்’ என்றார். அது என் அதிகாரத்தில் இல்லை. 21-ம் நாள் மாலை சிறை வாசலில் ஆஜர். அடுத்த சாதாரண விடுப்பு, திரும்பி வந்த தேதியிலிருந்து இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு மழையும் தார்ப்பாயில்தான் போனது.

அதற்குப் பிறகு நான் எழுதிய அறிக்கைகளில், வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குப் பஸ் என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. படிவத்தில் அதற்கு இடம் கிடையாது, ஓரத்தில் எழுதுவேன்.

கேள்வி: பரோலில் வெளியே இருக்கும் நாட்கள் தண்டனையில் கழியுமா?
— வாசகர், திருமங்கலம்

கழியாது. விதியின் பெயரிலேயே பதில் இருக்கிறது. தண்டனையை நிறுத்தி வைத்தால், நிறுத்திய இடத்திலிருந்துதான் மறுபடி ஓடும். 30 நாள் வெளியே இருந்தால் கணக்கில் 30 நாள் பின்னால் தள்ளிப் போகும். கோவா கைதிகள் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: முன்விடுதலைக்கு வேண்டிய 14 வருடத்தை எண்ணும்போது பரோல் நாட்களைச் சேர்க்கக் கூடாது. இல்லாவிட்டால் செல்வாக்குள்ளவர்கள் பரோல் மேல் பரோல் வாங்கி வெளியிலிருந்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். அடுத்த கேள்விக்கும் இது பொருந்தும்.

கேள்வி: பெரிய இடத்து ஆட்கள் என்றால் மாதம் ஒரு பரோல். ஏழை பாழை என்றால் தாய் செத்தாலும் வர முடியாது. மறுப்பீர்களா?
— ஆட்டோ ஓட்டுநர், மதுரை

மறுக்க மாட்டேன். அரியானாவில் ஒரு சாமியார், குர்மீத் ராம் ரஹீம். இரண்டு பெண் சீடர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கு 2017-ல் 20 வருடம், ஒரு பத்திரிகையாளர் கொலைக்கு 2019-ல் ஆயுள். 2022-லிருந்து பரோல், ஃபர்லோ (அதுவும் ஒரு வகை விடுப்புதான்) என்று பத்துத் தடவைக்கு மேல் வெளியே வந்துவிட்டார். 2024 அக்டோபரில் அந்த மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் 20 நாள். ‘சட்டப்படிதான்’ என்கிறார்கள். உண்மைதான், அரியானா 2022-ல் கொண்டுவந்த சட்டம் வருடத்துக்குப் பத்து வாரம் வரை பரோல் தருகிறது. அந்தச் சிறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதே வேகத்தில் கோப்பு நகர்கிறதா என்பதுதான் கேள்வி. குஜராத்தில், 2002 கலவரத்தில் நடந்த கூட்டு வன்கொடுமை, கொலைகளுக்கான பில்கிஸ் பானு வழக்கில் தண்டனை பெற்ற பதினோரு பேரில் பத்துப் பேர், தண்டனைக் காலத்திலேயே ஆளுக்கு 1,000 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-ல் கைதான பேரறிவாளனுக்கு முதல் விடுப்பு கிடைத்தது 2017 ஆகஸ்டில், உடல்நலமில்லாத அப்பாவைப் பார்க்க. அடுத்தது 2019 நவம்பர். நளினி தன் மகள் கல்யாண ஏற்பாட்டுக்கு ஆறு மாதம் கேட்டு, 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடினார். கிடைத்தது ஒரு மாதம், பிறகு சில வாரம் நீட்டிப்பு. பத்திரிகைக்குப் பேசக் கூடாது, அரசியல்வாதிகளைப் பார்க்கக் கூடாது. சசிகலாவைச் சொல்லி நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். அவர் இருந்தது பெங்களூரு சிறை, அது கர்நாடக விதி. கணவர் உடல்நிலைக்காக 2017-ல் ஐந்து நாள், அவர் இறந்தபோது 2018 மார்ச்சில் 15 நாள். அந்த 15-ஐ முழுதாக முடிக்காமலே திரும்பினார். ஐந்து நாள், 15 நாள் என்பதில் எனக்குக் குறை இல்லை. வேகத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது.

தாய் செத்தாலும் வர முடியாது என்றீர்களே. வர முடியும், ஆனால் காகிதம் பிணத்தைவிட மெதுவாகப் போகும். ஊரிலிருந்து போன் வரும், விஏஓ உறுதி செய்ய வேண்டும், வழிக்காவலுக்கு ஆயுதப்படையில் ஆள் கிடைக்க வேண்டும், வண்டி கிடைக்க வேண்டும். ஐஸ் பெட்டி வாடகையை நாள் கணக்கில் கொடுத்துக் காத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். கைதி வந்து, கொள்ளி வைத்து, ஈர வேட்டியோடு அதே வண்டியில் ஏறிப் போவார்.

கேள்வி: பரோலில் போனவர் திரும்பாவிட்டால்?
— வாசகர், சாத்தூர்

காவலிலிருந்து தப்பியதாகத் தனி வழக்கு. ஜாமீன்தாரர் கழுத்துக்குக் கத்தி. பிடிபட்ட பிறகு அடுத்த லீவு என்பதை மறந்துவிடலாம். என் அனுபவத்தில் திரும்பாதவர்கள் மிகக் கொஞ்சம். தாமதமாக வந்தவர்களில் பாதி, குடித்துவிட்டுப் பஸ்ஸை விட்டவர்கள்.

கொரோனா சமயத்தில் நெரிசல் குறைக்க, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 அன்று சொன்னபடி மாநிலங்கள் பலரைப் பரோலிலும் ஜாமீனிலும் விட்டன. மூன்று வருடம் கழித்து 2023 மார்ச்சில், 15 நாளுக்குள் திரும்புங்கள் என்று அதே நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதற்குள் சிலர் கடை வைத்திருந்தார்கள், சிலருக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

கேள்வி: ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானே?
— வாசகி, ராஜபாளையம்

இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன்! ஆயுள் என்றால் ஆயுள். காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, கழிவு (சிறையில் தண்டனையிலிருந்து குறைத்துக் கொடுக்கும் நாட்கள்) எல்லாம் சேர்த்து 20 வருடம் ஆகிவிட்டது, விடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். மிச்ச வாழ்நாள் முழுவதும் என்றுதான் பொருள் என 1961-ல் தீர்ப்பு வந்தது. 14 என்பது வேறு இடத்திலிருந்து வருகிறது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, 14 வருடம் உள்ளே இருக்காமல் அரசு முன்விடுதலை செய்யக் கூடாது என்று 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். கேட்பதற்கான வாசல் அது. வாசலில் நின்றால் கதவு திறந்துவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

‘அப்படியானால் அண்ணா நூற்றாண்டுக்கு ஏழு வருஷத்திலேயே விட்டார்களே?’ என்று கேட்பீர்கள். 2008-ல் அப்படித்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் வந்தார்கள். அது அரசியல் சட்டத்தின் 161-ம் பிரிவில் ஆளுநர் பெயரால் செய்யும் மன்னிப்பு. 14 வருடக் கட்டுப்பாடு அதற்குக் கிடையாது.

கேள்வி: குழந்தை பெற்றுக்கொள்ளக்கூடப் பரோல் உண்டாமே! சிரிப்பாக இருக்கிறது.
— பெயரில்லாத அஞ்சலட்டை

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாளையங்கோட்டையில் இருந்த ஆயுள் கைதி ஒருவருக்கு, குழந்தைப்பேறு சிகிச்சைக்காக 2018 ஜனவரியில் மதுரைக் கிளை இரண்டு வாரம் கொடுத்தது. அவர் மனைவி என்ன தப்பு செய்தார்?

கேள்வி: என் அண்ணனைக் கொன்றவன் போன பொங்கலுக்கு ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். கரும்பு வாங்கிக்கொண்டு போனான். லீவில் வந்திருக்கிறானாம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அம்மா மூன்று நாள் படுத்த படுக்கை. எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். மேலே இவ்வளவு பக்கம் கைதி வீட்டுக் கதை எழுதிவிட்டு உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செத்தவர் வீட்டுக்குப் போனதில்லை. ‘எதிர்த் தரப்பால் ஆபத்து உண்டா’ என்ற வரியில் போலீஸ் சொல்வதை எழுதிவிட்டு வந்துவிடுவேன். அதுவும் பாருங்கள், கைதிக்கு உங்களால் ஆபத்து உண்டா என்கிற மாதிரிதான் அந்தக் கேள்வி. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு அதில் இடமில்லை. பிற்பாடு, யாரும் சொல்லாமலே போக ஆரம்பித்தேன். முதலில் போன வீட்டில் ஒரு பெரியவர், மகனைப் பறிகொடுத்தவர். கத்துவார், விரட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். ‘தேதி மட்டும் சொல்லிருங்க சார். அந்த நாள்ல நாங்க மக வீட்டுக்குப் போயிருதோம்’ என்றார். கொன்றவன் ஊருக்கு வர, கொலையுண்டவன் அப்பா ஊரை விட்டுப் போகிறார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்த அறிக்கையில், விடுப்பு கொடுக்கலாம், ஆனால் கைதி தன் அக்கா ஊரில் தங்க வேண்டும், சொந்த ஊர் எல்லைக்குள் வரக் கூடாது என்று எழுதினேன். அப்படியே உத்தரவு வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: வழக்கின் குற்ற எண், தீர்ப்பளித்த நீதிமன்றம், கைதி பெயர், எந்தச் சிறை, இவற்றைப் போட்டு சிறைக் கண்காணிப்பாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ‘அடுத்த தடவை விடுப்பு மனு வந்தால் எங்களைக் கேட்க வேண்டும், விட்டே ஆக வேண்டுமென்றால் எங்கள் ஊருக்குள் வராத நிபந்தனை போட வேண்டும்’ என்று தெளிவாகக் கேளுங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கடிதம் கோப்பில் இருந்தால், அறிக்கை எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போவது கஷ்டம். மிரட்டினாலோ வம்புக்கு வந்தாலோ அன்றைக்கே புகார் கொடுங்கள். விடுப்பை நடுவில் ரத்து செய்து உள்ளே அழைத்துக்கொள்ள முடியும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. சிறையில் கைதி சம்பாதிக்கும் கூலியில் 20 சதவீதம், பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகிறது. கேட்டு வாங்க ஆள் வராமலே பணம் கிடக்கும். ‘அந்தக் காசு எங்களுக்கு எதற்கு’ என்று அம்மா சொல்லலாம். சொன்னால் அது நியாயம்தான். ஆனாலும் உங்களுடையது என்று தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: நீங்கள் எழுதிய அறிக்கை தப்பாகப் போனதுண்டா? மனசாட்சிப்படி சொல்லுங்கள்.
— அதே தலைமையாசிரியர், அருப்புக்கோட்டை

வாத்தியார் புத்தி விடவில்லை பார்த்தீர்களா! உண்டு ஐயா.

ஒருவர் பாகப்பிரிவினைக்காக விடுப்பு கேட்டிருந்தார். நான் போன அன்று வீடு பூட்டிக் கிடந்தது. தாயார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வைகாசி வெயில். திரும்பப் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. டீக்கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்து, டீ சொல்லி, வடை வாங்கிவைத்து, பக்குவமாகப் பேசினார். ‘அவன் வந்தா ஊரு ரெண்டுபட்டுப் போகும் சார். எங்களுக்கு ஒண்ணுமில்ல, ஒங்களுக்குத்தான் நாளைக்குக் கெட்ட பேரு.’ கடையில் இருந்த மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு நாள் வந்து தாயாரைப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. ‘பொது அமைதி பாதிக்கப்பட வாய்ப்புள்ளதால் பரிந்துரைக்க இயலவில்லை’ என்று எழுதினேன். ஒரே வரி. விடுப்பு மறுக்கப்பட்டது.

எட்டு மாதம் கழித்துத் தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து சிட்டா நகலை எடுத்து மேசையில் வைத்தார். மகன் பங்குக்கு வர வேண்டிய 60 சென்ட்டில் நாலு வருடமாக உழுதுகொண்டிருந்தவர் அந்த வெள்ளைச் சட்டைக்காரர். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் காகிதத்தைப் படித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, ‘அன்னைக்கு வடை சூடா இருந்துச்சா சார்?’ என்றார்.

திருத்தி அறிக்கை அனுப்பினேன். அடுத்த வருடம் மகன் லீவில் வந்தார். அதற்குள் அந்த 60 சென்ட்டில் போர் போட்டு மோட்டாரும் இறக்கியிருந்தார்கள். வழக்கு இன்னும் முன்சீப் கோர்ட்டில் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

அதிலிருந்து விசாரணைக்குப் போன எந்த ஊரிலும் நான் டீ குடித்ததில்லை. வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் கொண்டுபோய்விடுவேன்.